மூன்றாவது பிட்சர்

அமெரிக்காவில் டிராவல் சாஃப்ட்பால் என்பது வார இறுதி ஆட்டம். சனிக்கிழமை காலையில் முதல் ஆட்டம். அன்றே இரண்டாவது, சில இடங்களில் மூன்றாவது. அந்த முடிவுகளை வைத்து ஞாயிற்றுக்கிழமை நாக்-அவுட் சுற்றில் அணியின் இடத்தைத் தீர்மானிப்பார்கள். ஞாயிறன்று தோற்கும் வரை ஆடலாம். தோற்காத அணி மாலைக்குள் இன்னும் மூன்று ஆட்டங்களை முடித்திருக்கும். பெரும்பாலும் 75 நிமிடத்தை ஒட்டி நேர வரம்பு வைப்பதால் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து இன்னிங்ஸ் நடக்கும். இன்னிங்ஸுக்குப் பதினைந்து பந்து என்று குறைத்தே வைத்தாலும் ஆட்டத்துக்கு 70 பந்து, ஐந்து ஆட்டத்துக்கு 350 பந்து. அணியின் சிறந்த பிட்சரையே எல்லா ஆட்டத்திலும் நிறுத்தினால் ஒரு பதினொரு வயதுச் சிறுமியின் தோள் இரண்டே நாளில் சுமக்கும் கணக்கு இது. எந்தப் பயிற்சியாளரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. சனிக்கிழமை அவள் வீசினால் நல்ல இடம் கிடைக்கும், ஞாயிறும் அவளே வீசினால் கோப்பை கிடைக்கும் என்று போட்டியின் அமைப்பே அவரைப் படிப்படியாக அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. அந்த அமைப்பை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதைத் தாங்கக்கூடிய அணியை அமைக்கும் அதிகாரம் உண்டு. அதற்கு மூன்று பிட்சர்கள் வேண்டும். இருவர் இருப்பார்கள், மூன்றாவது ஆளை உருவாக்க வேண்டியிருக்கும். டிராவல் பயிற்சியாளரின் முதல் வேலை இதுதான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்து, மகளுக்காக சாஃப்ட்பால் கற்றுக்கொண்டு, தன்னார்வப் பயிற்சியாளராகக் களத்தில் இறங்கும் தமிழ்ப் பெற்றோர் இந்த இடத்தில் தடுமாறுவது இயல்பு. கிரிக்கெட்டில் ஓவர் முடிந்தால் பந்து கைமாறியே ஆக வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு நான்கு ஓவர்தான், ஐம்பது ஓவர் ஆட்டத்தில் பத்துதான். அங்கே சுமையைப் பங்கிட்டுக் கொடுப்பது விதி. டிராவல் சாஃப்ட்பாலில் பொதுவாக அப்படியொரு விதி கிடையாது. ஒரே பிட்சர் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை வீசலாம். அடுத்த ஆட்டத்திலும் அவளே வரலாம். பேஸ்பாலில்கூட லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் வயதுக்கேற்ற பந்து எண்ணிக்கை வரம்பை வைத்திருக்கிறது. 2014-இல் மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்ற வழிகாட்டுதலை வெளியிட்டன. டிராவல் சாஃப்ட்பால் போட்டிகளில் சிறுமிகளுக்கு அதற்கு இணையான கட்டாய வரம்பு பொதுவாக இல்லை. விதிப்புத்தகம் செய்யாத வேலையைப் பயிற்சியாளர் தன் கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

வரம்பு ஏன் இல்லை என்று கேட்டால் பழகிப்போன ஒரு பதில் வரும்: கீழ்க்கை வீச்சு இயற்கையான அசைவு, அதனால் தோளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும். காற்றாலை போலக் கை முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே பந்தை விடுவிக்கும் அந்த வீச்சை உயிரியக்கவியல் ஆய்வாளர்கள் முப்பதாண்டுகளுக்கும் குறையாமல் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2005-இல் ஷெரி வெர்னரும் குழுவினரும் இளம் பிட்சர்களை ஆராய்ந்தபோது, பந்தை விடும் நேரத்தில் தோள் மூட்டைப் பிரித்து இழுக்கும் விசை சராசரியாக அவரவர் உடல் எடைக்கு ஏறத்தாழ சமமாக இருந்தது. தொழில்முறை பேஸ்பால் பிட்சர்களிடம் காணப்படும் அளவை ஒட்டியது அது. 2009-இல் வந்த இன்னோர் ஆய்வு, புயத்தின் முன்புறத் தசையான பைசெப்ஸ் மேல்கை எறிதலைவிடக் கீழ்க்கை வீச்சில் அதிகம் உழைப்பதைக் காட்டியது. இளம் பிட்சர்கள் தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று சொல்வதற்கு இங்கே காரணம் இருக்கிறது. பேஸ்பால் பிட்சருக்கு முழங்கையில் அபாயம், சாஃப்ட்பால் பிட்சருக்குத் தோளில் அபாயம். இடம்தான் வேறு. ஒரு பந்தில் இதனால் எதுவும் ஆகிவிடாது. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப வீசும்போது, எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத உடம்பில், அது சேர்ந்துகொண்டே போகிறது.

அப்படியானால் எவ்வளவு வீசலாம்? அமெரிக்க விளையாட்டு எலும்பியல் மருத்துவர்கள் முன்னெடுத்த ‘ஸ்டாப் ஸ்போர்ட்ஸ் இஞ்சுரீஸ்’ இயக்கம் சாஃப்ட்பாலுக்கென்றே ஓர் அளவு சொல்லியிருக்கிறது. 8 முதல் 10 வயது வரை ஓர் ஆட்டத்தில் 50 பந்து, ஒரு நாளில் 80. 10 முதல் 12 வரை ஆட்டத்துக்கு 65, நாளுக்கு 95. 13, 14 வயதில் 80, 115. 15-க்கு மேல் 100, 140. பன்னிரண்டு வயது வரை தொடர்ந்து இரண்டு நாள் வீசியவள் மூன்றாம் நாள் வீசக் கூடாது. முன்பு போட்ட கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினொரு வயதுக்காரிக்கு வார இறுதி முழுவதற்கும் 190 பந்துதான். ஐந்து ஆட்டத்துக்கு வேண்டிய 350-இல் மீதமுள்ள 160-ஐ வேறு கைகள் வீச வேண்டும். இரண்டாவது பிட்சர் இருக்கிறாளே, அவள் போதாதா என்றால், எல்லாம் சரியாக நடந்தால் போதும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால், கட்டைவிரலில் பந்து பட்டால், ஓர் ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனால் போதாது. மூன்றாவது பிட்சர் தேவை என்பது இந்தக் கூட்டல் கழித்தலிலேயே தெரிந்துவிடுகிறது.

எண்ணுவதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான அணிகள் கேம்சேஞ்சர் செயலியில் ஸ்கோர் பதிகின்றன. அது பந்துகளையும் எண்ணிக் காட்டும். ஆனால் அது காட்டுவது பேட்டருக்கு வீசிய பந்துகளை மட்டுமே. ஆட்டத்துக்கு முன் ஓரமாக நின்று வீசிய நாற்பது பந்து, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்பு வீசிய சூடேற்றும் பந்துகள் எதுவும் அதில் வராது. செவ்வாய்க்கிழமை தனிப்பயிற்சியாளரிடம் அரைமணி நேரம் வீசியிருப்பாள். வசந்தகாலமென்றால் பள்ளி அணிக்காக வியாழக்கிழமை ஒரு முழு ஆட்டம் வீசியிருப்பாள். வீசாத ஆட்டத்தில் அவளை ஷார்ட்ஸ்டாப்பிலோ மூன்றாம் பேஸிலோ நிறுத்தினால் மேல்கை எறிதலின் சுமையும் சேரும். ஆகவே ஒவ்வொரு பிட்சரின் பெற்றோரிடமும் வெள்ளிக்கிழமை ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் எங்கெங்கே, எத்தனை வீசினாள்? பதிலை எழுதி வையுங்கள். வலிக்கிறதா என்று சிறுமியிடம் நேரே கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், ஏனென்றால் பந்து தன் கையைவிட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று இரவு தலைவாரும்போது கை எப்படி இருந்தது என்று கேளுங்கள். வேகம் குறைகிறதா, பந்து தொடர்ந்து உயரமாகப் போகிறதா, இன்னிங்ஸுக்கு நடுவே தோளைப் பிடித்துக்கொள்கிறாளா என்று கவனியுங்கள். அவளே வீச ஆசைப்படுகிறாள் என்று வாதிடுபவர்களுக்குப் பதில் இதுதான்: ஆசை அவளுடையது, அளவை முடிவு செய்யும் பொறுப்பு பெரியவருடையது.

இனி கடினமான எதிர்வாதத்துக்கு வருவோம். டிராவல் அணிக்குப் பெற்றோர் பெரும் பணம் கட்டுகிறார்கள்: கட்டணம், சீருடை, மட்டை, விடுதி, பெட்ரோல். அவர்கள் எதிர்பார்ப்பது வெற்றி. முக்கியமான ஆட்டத்தில் மூன்றாவது பிட்சரை இறக்கித் தோற்கும் உரிமை பயிற்சியாளருக்கு ஏது? இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்தக் கூடாது. பணம் கட்டும் பெற்றோர் உண்மையில் எதற்காகக் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பிள்ளை விளையாட்டைக் கற்க வேண்டும், அதில் நிலைக்க வேண்டும் என்பதற்காக. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை ஆராய்வதில் பல்லாண்டுகளைச் செலவிட்டவர்கள். அவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், ஊக்கமாகப் பேசவும் தவறுக்குத் திட்டாமல் திருத்திச் சொல்லவும் பயிற்றப்பட்ட பயிற்சியாளர்களின் அணிகளில் அடுத்த ஆண்டு விலகியவர்கள் 5 சதவீதம். பயிற்றப்படாதவர்களின் அணிகளில் 26 சதவீதம். நான்கு பேரில் ஒருவர். 1992-இல் வெளிவந்த அந்த ஆய்வில் இரு தரப்பு அணிகளின் வெற்றி விகிதத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிள்ளைகளைத் தக்கவைத்தது வெற்றி அல்ல. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமாண்டா விசெக் குழுவினர் 2014-இல் சிறுவர் சிறுமியர் கால்பந்தில் எது மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டு 81 காரணிகளை வரிசைப்படுத்தினார்கள். முழு மூச்சாக முயல்வது, அணியினரின் நல்லுறவு, பயிற்சியாளரின் நல்ல அணுகுமுறை ஆகியவை முன்னே நின்றன. வெல்வது நாற்பதுக்கும் கீழே போய்விட்டது. அவை சாஃப்ட்பால் ஆய்வுகள் அல்ல என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். ஆனால் சாஃப்ட்பால் ஆடும் பத்து வயதுக்காரி பேஸ்பாலோ கால்பந்தோ ஆடும் பத்து வயதுக்காரரிடமிருந்து இந்த விஷயத்தில் மாறுபடுவாள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

வெற்றியையே அளவுகோலாகக் கொண்டாலும் மூன்றாவது பிட்சரின் பக்கமே கணக்கு சாயும். சனிக்கிழமை முழுவதும் ஒரே பிட்சரைப் பார்த்த எதிரணிகள் அவளுடைய வேகத்துக்குப் பழகிவிடும். ஞாயிறு மாலை அவள் கை தளர்ந்திருக்கும்போது அரையிறுதி வரும். வேகம் குறைந்த இன்னொருத்தியை நடுவே இரண்டு இன்னிங்ஸ் இறக்கினால் பேட்டர்களின் நேரக்கணிப்பு குலையும். இதைவிடப் பெரிய காரணம் வளர்ச்சியில் இருக்கிறது. 10-யூ, அதாவது பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை 35 அடியிலிருந்து வீசுகிறார்கள். 12-யூவில் பந்து 12 அங்குலமாகிறது, தூரம் 40 அடியாகிறது. 14-யூவில் 43 அடி. கல்லூரியிலும் அதே தூரம்தான். பத்து வயதில் யாரும் அடிக்க முடியாமல் வீசுபவள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு ஓராண்டு முன்னால் வளர்ந்துவிட்டவள். எட்டடி தூரம் கூடி, மற்றவர்களும் வளர்ந்த பிறகு அந்த முன்னிலை கரைந்துபோகும். நான்காண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெட்டைக் கைக்காரிக்கு அப்போதுதான் உடம்பு கூடிவரும். அதற்குள் அவள் பிட்சிங்கை விட்டிருந்தால் அணிக்கு யாருமே இல்லை. பத்து வயதில் யார் சிறந்தவள் என்று முடிவு கட்டுவது, பதினான்கு வயதில் யார் சிறந்தவள் ஆவாள் என்பதைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

கல்லூரி உதவித்தொகை என்ற கனவும் இதே மேசைக்கு வரும். அதை மதித்தே பேச வேண்டும், எண்களோடு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மூன்று லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-இல் ஏறத்தாழ 300 அணிகள். நெடுங்காலம் ஓர் அணிக்கு 12 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் அனுமதிக்கப்பட்டது. அதையே பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-26 முதல் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 25 பேர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. மேலும், டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் 11-ஆம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன்னால் ஒரு மாணவியைத் தொடர்புகொள்ளவே கூடாது. ஆக, 12-யூ கோப்பையை எந்தக் கல்லூரியும் கணக்கில் எடுக்கப்போவதில்லை. பதினாறு வயதில் ஆரோக்கியமான தோளோடு களத்துக்கு வருகிறாளா என்பதை எடுக்கும். கனவு உண்மையாக இருந்தால் அதைக் காப்பாற்றும் வழி அந்தத் தோளைக் காப்பாற்றுவதுதான்.

கல்லூரி ஆட்டத்தில் ஒருத்தியே எல்லாம் வீசுகிறாளே என்பார்கள். 2025-இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த பெண்கள் கல்லூரி உலகத் தொடரில் டெக்சஸ் டெக் அணிக்காக நிஜாரி கனடி கடைசி ஆட்டம் வரை ஒவ்வொரு பந்தையும் தானே வீசினார். வியக்கத்தக்க உழைப்பு. ஆனால் டெக்சஸ் அணிக்கு எதிரான தீர்மான ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் போனது, அவர் வெளியே வந்தார், கோப்பையும் கைநழுவியது. முழுமையாக வளர்ந்த உடம்பும், மருத்துவரும் உடற்பயிற்சி நிபுணரும் கூடவே இருக்கும் ஏற்பாடும் உள்ள ஒருவருக்கே எல்லை உண்டு. கல்லூரித் தொடரை நடத்துபவர்களும் அதை உணர்ந்துதான் 2022 முதல் அட்டவணையை நீட்டி ஓய்வு நாட்களைச் சேர்த்தார்கள். இருபது வயதுக்காரிக்குத் தேவைப்பட்ட ஓய்வு பதினொரு வயதுக்காரிக்குத் தேவையில்லை என்று யாராலும் வாதிட முடியாது. கனடி பள்ளியில் கூடைப்பந்தும் ஆடியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் சொன்னது இதை ஒட்டியதே: ஒரே விளையாட்டில் குவிவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடுங்கள், முதன்மை விளையாட்டிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது மூன்று மாதம், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

சரி, மூன்றாவது பிட்சரை எப்படி உருவாக்குவது? பெரும்பாலான அணிகள் தவறுவது பயிற்சியில் அல்ல, பயன்படுத்துவதில். குளிர்காலம் முழுக்க உள்ளரங்கில் மூவரும் வீசுவார்கள்; ஏப்ரல் வந்ததும் முதல் பிட்சர் மட்டும் வீசுவாள். ஆட்டத்தில் பிட்சிங் வட்டத்தில் நிற்காமல் யாரும் பிட்சர் ஆவதில்லை. எனவே இலையுதிர்காலப் போட்டிகளை இதற்கென்றே ஒதுக்குங்கள். அங்கே தரவரிசையின் அழுத்தம் குறைவு. சனிக்கிழமை ஆட்டம் ஒவ்வொன்றிலும் மூன்றாவது பிட்சருக்கு எந்த இன்னிங்ஸ் என்று முதல் நாளே அட்டையில் எழுதி அவளிடமும் காட்டிவிடுங்கள். ஸ்கோர் எதுவானாலும் அது மாறக் கூடாது. இன்னிங்ஸின் தொடக்கத்தில், பேஸ்கள் காலியாக இருக்கும்போது இறக்குங்கள். இன்னொருத்தி உண்டாக்கிய நெருக்கடியில் இறக்காதீர்கள். அவளுக்கு இரண்டு பந்து போதும்: ஸ்ட்ரைக் விழும் ஒரு நேர்ப்பந்து, அதே கையசைவில் மெதுவாக வரும் சேஞ்ச்-அப். ரைஸ் பந்தும் கர்வும் பிறகு வரலாம். பேட்டர்கள் அடிப்பார்கள். அடிக்கட்டும், பின்னால் ஏழு ஃபீல்டர்கள் இருக்கிறார்கள், சிறந்த பிட்சர் எல்லோரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்யும் நாட்களில் பந்தே தொடாமல் நின்றவர்கள் அவர்கள். உள்களம் கூர்மையாவது மூன்றாவது பிட்சர் வீசும் இன்னிங்ஸில்தான். கேட்சர் விஷயத்திலும் இதே பங்கீடு வேண்டும்; ஐந்து ஆட்டமும் குந்தியிருக்கும் முழங்காலுக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

அவள் நால்வருக்கு வரிசையாக வாக் கொடுத்தால் என்ன செய்வது? 10-யூவில் இது அடிக்கடி நடக்கும். மற்ற பிள்ளைகள் சலித்து நிற்பார்கள், அவளுக்கு அவமானமாக இருக்கும். இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. கண்டபடி வீசவிட்டு வேடிக்கை பார்ப்பது அவளுக்கும் நல்லதல்ல. எனவே வெளியேறும் வரம்பையும் முன்கூட்டியே வையுங்கள்: ஓர் இன்னிங்ஸில் 25 பந்து, அல்லது மூன்று வாக். அந்த வரம்பு மூவருக்கும் பொது. வரம்பு வந்ததும் நீங்களே வட்டத்துக்குப் போங்கள், பந்தை வாங்கிக்கொள்ளுங்கள், இன்று உன் சேஞ்ச்-அப் நன்றாக விழுந்தது என்பது போல உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், அவளை இன்னொரு இடத்தில் ஆட்டத்திலேயே வைத்திருங்கள். பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள். முக்கியமாக, அடுத்த சனிக்கிழமையும் அவள் இன்னிங்ஸ் அட்டையில் இருக்க வேண்டும். ஒருமுறை தவறியதற்காக மாதக்கணக்கில் பந்து கிடைக்காது என்று தெரிந்த பிள்ளை வீசுவதில்லை. குறிபார்த்துப் பந்தைத் தள்ளுகிறது, அதனால் மேலும் தவறுகிறது.

கடைசியாக, சிறந்த பிட்சரின் குடும்பம். மகளின் வீச்சைக் குறைக்கிறார்கள் என்று அவர்கள் வருந்துவது புரிந்துகொள்ளக்கூடியது. பக்கத்து அணி அவளுக்கு எல்லா ஆட்டத்தையும் தருவதாகச் சொல்லும், சிலர் போய்விடுவார்கள். அதைத் தடுக்க முடியாது. ஆனால் நடுப் பருவத்தில் வெடிக்கும் சண்டையைத் தடுக்கலாம். கோடை முடிவில் நடக்கும் அணித் தேர்வின்போதே, ஒரு பைசா கட்டுமுன், எல்லாப் பெற்றோருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இந்த அணியில் மூன்று பிட்சர்கள் வீசுவார்கள், வயதுக்கான பந்து வரம்பு இது, இறுதி ஆட்டத்திலும் அது தளராது, எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஞாயிறு மாலையில் உங்களுக்கே வரும் சபலத்தையும் அந்தக் கடிதம் தடுக்கும், ஏனென்றால் வாக்கு கொடுத்தது பன்னிரண்டு குடும்பங்களுக்கு. இந்த ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றே உங்கள் பட்டியலில் மூன்று பெயர்களை எழுதுங்கள். மூன்றாவது பெயருக்கு உரியவளை அழைத்து, முதல் சனிக்கிழமை இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸ் அவளுடையது என்று சொல்லிவிடுங்கள்.